வூடி கத்ரி

வூடி கத்ரி (ஜூலை 14, 1912 - அக்டோபர் 3, 1967) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நாட்டார் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். வுட்ரோ வில்சன் கத்ரி என்பது இவரது முழுப்பெயர். இவர் பிறந்த மாதத்தில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்பாளராக அறிவிக்கப்பட்டிருந்த வுட்ரோ வில்சனின் பெயரையே தந்தை மகனுக்கு இட்டார். மக்களிடையே முன்னரே வழங்கிவந்த மெட்டுகளை எடுத்து, அவற்றுக்குத் தம் காலத்துச் செய்திகளைப் பேசும் புதிய சொற்களைக் கட்டியவர் இவர். பஞ்சம், வேலையின்மை, தொழிற்சங்கம், போர், அணைக்கட்டு என்று இவர் பாடாத பொருள் குறைவு. எழுதிய பாடல்களில் பெரும்பாலானவை இவரது வாழ்நாளில் ஒலிப்பதிவு செய்யப்படவில்லை.

பிறப்பும் இளமையும்

ஒக்லகோமா மாநிலத்தின் ஒக்கீமா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சார்லி கத்ரி நிலம் வாங்கி விற்பவர். உள்ளூர் அரசியலிலும் ஈடுபட்டவர். தாயார் நோரா பழைய கதைப்பாடல்களைப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவார். கத்ரியின் பாட்டறிவுக்கு முதல் ஊற்று அதுவே.

அக்குடும்பத்தைத் தீ விடாது தொடர்ந்தது. மூத்த சகோதரி கிளாரா 1919 இல் தீக்காயத்தால் இறந்தார். 1927 இல் தந்தையும் கடுமையான தீக்காயத்துக்கு உள்ளானார். அதே ஆண்டில் தாயார் நோர்மன் நகரில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1930 இல் அங்கேயே காலமானார். அவருக்கு இருந்தது அன்டிங்டன் நோய். மூளை நரம்பணுக்களைச் சிறிது சிறிதாக அழிக்கும் இப்பரம்பரை நோய், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஊராரோ அவரைப் பித்துப் பிடித்தவர் என்றே எண்ணினர்.

பின்னர் கத்ரி டெக்சாசின் பாம்பா நகரில் இருந்த தந்தையிடம் சென்றார். அங்கு உறவினர் ஒருவரிடம் கித்தார் பழகினார். நண்பர்கள் மாட் ஜென்னிங்சு, கிளஸ்டர் பேக்கர் ஆகியோருடன் மூவர் குழு அமைத்து நடன நிகழ்ச்சிகளில் வாசித்தார். 1933 இல் மாட்டின் தங்கை மேரியை மணந்தார்.

புழுதிப்புயலும் புலம்பெயர்வும்

1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் மழை பொய்த்தது. புல்வெளிகளை உழுது கோதுமை பயிரிட்டிருந்தமையால் மண்ணைப் பிடித்து வைக்க வேர்கள் இல்லை. வறண்ட மேல்மண்ணைக் காற்று வாரிச் சென்றது. ஏப்ரல் 14, 1935 அன்று வீசிய பெரும் புழுதிப்புயல் பாம்பாவைப் பட்டப்பகலில் இருளாக்கியது. உலகம் முடிகிறது என்று நம்பியோர் பலர். கத்ரி அதையே பாடலாக்கினார்.

நிலமிழந்த குடும்பங்கள் வேலை தேடிக் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்தன. கத்ரியும் மனைவி மக்களை விட்டுவிட்டு அவ்வழியே சென்றார். 1937 இல் லாஸ் ஏஞ்சலஸ் வானொலி நிலையம் ஒன்றில் மாக்சின் கிரிஸ்மன் என்னும் பெண்ணுடன் இணைந்து பாடிய நிகழ்ச்சி, புலம்பெயர்ந்தோரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்நாட்களில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் கொண்ட பாடலொன்றை அவர் பாடினார். நேயர் ஒருவர் கண்டித்துக் கடிதம் எழுதியதும் வானொலியிலேயே மன்னிப்புக் கேட்டு, அச்சொல்லை மீண்டும் பயன்படுத்தவில்லை. பிற்காலத்தில் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பல பாடல்கள் எழுதியவர் இங்கிருந்துதான் தொடங்கினார் என்பது மறக்கத்தக்கதன்று.

நியூயார்க்

1940 பெப்ரவரியில் நியூயார்க் வந்தடைந்தார். ஏர்விங் பெர்லின் இயற்றிய தேசப்பற்றுப் பாடலொன்று அப்போது வானொலிகளில் ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தது. நாட்டின் வறுமையைக் கண்ணால் கண்டு வந்தவருக்கு அது நிறைவளிக்கவில்லை. அதற்கு மறுமொழியாகப் பெப்ரவரி 23 அன்று திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட் என்ற பாடலை எழுதினார். அதன் மெட்டு, கார்ட்டர் குடும்பத்தினர் பாடிப் பரவலாக்கிய பழைய பாடலொன்றை ஒட்டியது. தனியார் நிலவுடைமையையும், அரசின் உதவி வேண்டி வரிசையில் நிற்கும் பசித்த மக்களையும் பற்றிய இரு கண்ணிகள் மூலத்தில் இருந்தன. பின்னர் பள்ளிகளில் பிள்ளைகள் பாடிய வடிவில் அவை இடம்பெறவில்லை. மறுமொழியாகப் பிறந்த பாடல், முடிவில் தானும் ஒரு தேசப்பற்றுப் பாடலாகிவிட்டது.

மார்ச் 3, 1940 அன்று புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட நடந்த நிகழ்ச்சியில் பீட் சீகரைச் சந்தித்தார். நாட்டார் பாடல் தொகுப்பாளர் ஆலன் லோமாக்சு அம்மாதமே நாடாளுமன்ற நூலகத்துக்காக இவரது பாடல்களையும் பேச்சையும் பதிவு செய்தார். புழுதிப்புயல் பாடல்களின் இசைத்தொகுப்பு அதே ஆண்டில் வெளிவந்தது.

1941 மே மாதத்தில் பொன்னவில் மின் நிர்வாகம் இவரை ஒரு மாத வேலைக்கு அமர்த்தியது. கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றி 26 பாடல்கள் எழுதினார், சம்பளம் 266.66 டாலர். ஏழைகளுக்கு மின்சாரமும் நீரும் கிட்டும் என்ற மகிழ்ச்சி இவற்றில் தெரிகிறது. ஆனால் கிராண்ட் கூலி அணையின் நீர்த்தேக்கத்தில் பூர்வகுடிகளின் மீன்பிடித் துறையான கெட்டில் அருவி மூழ்கியதை இப்பாடல்கள் கண்டுகொள்ளவில்லை.

அல்மனாக் பாடகர்கள்

அதே ஆண்டில் பீட் சீகர், லீ ஹேஸ், மில்லார்ட் லாம்பெல் ஆகியோரின் அல்மனாக் பாடகர்கள் குழுவில் கத்ரி சேர்ந்தார். இவர்கள் ஒரே வீட்டில் தங்கி, கூடி எழுதி, தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினர். பாடலைத் தனியொருவர் பெயரில் வெளியிடாது குழுவின் பெயரிலேயே வெளியிடுவது இவர்கள் வழக்கம். ஆதலால் ஒரு பாடலில் எவ்வடி எவருடையது எனப் பிரித்தறிவது எளிதன்று. அக்டோபர் 1941 இல் செருமானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ரூபன் ஜேம்ஸ் என்ற போர்க்கப்பலைப் பற்றிய பாடல் இக்காலத்தது.

போர்க்காலத்தில் சிஸ்கோ ஹூஸ்டன், ஜிம் லோங்கி ஆகிய தோழர்களுடன் வணிகக் கப்பல்களில் பணியாற்றினார். இவர் சென்ற கப்பல்களுள் இரண்டு தாக்குதலுக்கு உள்ளாயின. பாசிசத்தைக் கொல்லும் கருவி எனத் தம் கித்தாரின் மீது எழுதி வைத்திருந்ததும் இக்காலத்தில்தான். 1944 இல் மோசஸ் ஆஷின் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஹூஸ்டனும் ஆர்மோனிக்காக் கலைஞர் சன்னி டெரியும் உடனிருக்க, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைப் பாடிப் பதிந்தார். இன்று நாம் கேட்கும் கத்ரியின் குரலில் பெரும்பகுதி இப்பதிவுகளிலிருந்து வந்ததே. முன்னதாக 1943 இல் பவுண்ட் ஃபார் குளோரி என்ற தன்வரலாற்று நூல் வெளியாகியிருந்தது.

நோயும் மறைவும்

1945 இல் நடனக் கலைஞர் மார்ஜரி மாசியாவை மணந்தார். இவர்களின் நான்கு வயது மகள் கேத்தி 1947 இல் தீ விபத்தில் இறந்தாள். அதன் பின்னர் கத்ரியின் நடத்தை மாறத் தொடங்கியது. குடிப்பழக்கமே காரணம் எனப் பலர் கருதினர். 1952 இல் அது தாயாரைக் கொண்டுசென்ற அதே நோய் எனக் கண்டறியப்பட்டது. அதையடுத்து புளோரிடாவில் கையில் ஏற்பட்ட தீக்காயம் கித்தார் வாசிக்க இயலாதவாறு செய்தது.

இறுதி 13 ஆண்டுகளில் பெரும்பகுதி மருத்துவமனைகளில் கழிந்தது. மெல்ல மெல்லப் பேச்சும் நின்றது. பாடல்களை எழுதியவர் பாட இயலாதிருந்த அதே காலத்தில், சீகரும் ஹேசும் இடம்பெற்ற வீவர்ஸ் குழுவும் மற்ற தோழர்களும் அவற்றை நாடெங்கும் கொண்டு சென்றனர். 1961 ஜனவரியில் பாப் டிலான் என்ற இளைஞர் நியூயார்க் வந்து கத்ரியைச் சந்தித்து, இவரது பாடல்களை இவருக்கே பாடிக்காட்டினார்.

கத்ரி 1967 இல் நியூயார்க்கில் காலமானார். சாம்பல் கோனி தீவுக் கடலில் கரைக்கப்பட்டது. மார்ஜரி அவ்வாண்டிலேயே அன்டிங்டன் நோய்க்கு எதிரான அமைப்பொன்றைத் தொடங்கினார். நோய்க்குக் காரணமான மரபணு 1993 இல் கண்டறியப்பட்டது. முதல் மனைவியின் இரு மகள்களும் அதற்குள் இந்நோயால் இறந்திருந்தனர்.

எஞ்சிய பாடல்கள்

கத்ரி எழுதி வைத்த பாடல்கள் சுமார் 3000. மெட்டைத் தாளில் குறிக்கும் வழக்கம் அவருக்கு இல்லாமையால், பல பாடல்களின் மெட்டு அவருடனேயே மறைந்தது. மகள் நோரா அவற்றைப் பிற கலைஞர்களிடம் கொடுத்துப் புதிய மெட்டு அமைக்கச் செய்தார். பில்லி பிராக், வில்கோ குழுவினர் ஆகியோர் அவ்வாறு உருவாக்கிய மெர்மெய்ட் அவென்யூ 1998 இல் வெளிவந்தது. திஸ் லேண்ட் பாடலின் விடுபட்ட கண்ணிகளை 2009 ஜனவரியில், பராக் ஒபாமா பதவியேற்பதற்கு இரு நாட்கள் முன்னதாக, 89 வயதான பீட் சீகர் வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன் கூடிய மக்களைச் சேர்த்துக்கொண்டு முழுமையாகப் பாடினார்.