வழக்கொழிந்த சொல்லும் போலிச்சொல்லும்: ஜேம்ஸ் மரேயின் அகராதிப் பணி

அகராதியில் இருப்பதனாலேயே ஒரு சொல் மொழியில் வழங்கியதெனக் கொள்ளலாமா என்னும் வினாவை ஆங்கில அகராதியியலில் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஜேம்ஸ் மரே முதன்மையானவர். ஸ்காட்லாந்தின் டென்ஹோம் சிற்றூரில் 1837இல் தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 14 வயதில் பள்ளியை விட்டவர். மொழிகள் பலவற்றைத் தாமே கற்றவர். ஆசிரியராகவும் வங்கி எழுத்தராகவும் இருந்து, மீண்டும் ஆசிரியப் பணியில் அமர்ந்திருந்த காலத்தில், 1879இல் ஆக்ஸ்போர்டு பேரகராதியின் பதிப்பாசிரியரானார்.

பத்தாண்டுகளில் முடியுமென மதிப்பிடப்பட்ட பணி அது. 1884இல் வெளிவந்த முதற்பகுதியோ எறும்பைக் குறிக்கும் 'ஆண்ட்' என்னும் சொல்லோடு நின்றது. தாமதம் நெறியின் விளைவு. 1150க்குப் பின்னும் வழங்கிய சொற்கள் யாவும் காலமுறைச் சான்றுகளோடு இடம்பெற வேண்டும் என்பது அந்நெறி. வழக்கொழிந்த சொல்லுக்குக் குத்துவாள் வடிவக் குறியிட்டனர். ஆயின் அதனை நீக்கவில்லை.

இந்நெறியின் வலிமையை 'அபகாட்' என்னும் சொல் காட்டும். பழைய ஆங்கில மன்னர் அணிந்த இருமுடி வடிவத் தலையணி என்று அகராதிகள் பலவும் இதற்குப் பொருள் கூறின. மரே சான்றுகளைப் பின்னோக்கித் தேடிச் சென்றார். 'பைகாக்கெட்' என்னும் ஒருவகைத் தொப்பியின் பெயர், தனக்கு முன்னின்ற 'எ' என்னும் அடைச்சொல்லோடு ஒட்டி, அச்சிலும் படியிலும் சிதைந்து புதுச்சொல்லாகிவிட்டது. பின்வந்தோர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர். பொருள் விளக்கம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பொருள் எவ்வளவு விரிவாகத் தரப்பட்டிருப்பினும் வழக்குச் சான்றுக்கு அது ஈடாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. மரே இதனைப் போலிச்சொல் என ஒதுக்கினார்.

சான்றுச் சீட்டையே நம்பிய இம்முறைக்கு வேறொரு குறையும் உண்டு. சீட்டு தொலைந்தால் சொல்லும் தொலையும். அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்டு' ஆங்கில விவிலியத்திலேயே பயின்ற பழஞ்சொல். அதன் சீட்டுகள் தவறிப்போனமையால் உரிய பகுதியில் இடம்பெறாது போயிற்று. இல்லாத சொல்லை வெளியேற்றிய தகரக் கொட்டகைப் பணிமனையிலேயே இருந்த சொல் காணாமற் போயிற்று.

மரே 1915இல் மறைந்தபோது 'டி' எழுத்தில் பணி நடந்துகொண்டிருந்தது. முழு அகராதியில் ஏறக்குறைய பாதி அவர் பதிப்பித்தது. 1928இல் அது நிறைவுற்றது. 'பாண்ட்மெய்டு' 1933ஆம் ஆண்டுப் பிற்சேர்க்கையில் இடம்பெற்றது.