காலிங்கராயர்

கொங்கு நாட்டின் மேற்கே மலைத்தொடர் மதில்போல் உயர்ந்து நிற்கின்றது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அம்மலைகளே பெற்றுவிடுவதால், கிழக்கேயுள்ள சமவெளியில் மழை குறைவு. ஆதலின் இந்நாட்டு மக்கள் பண்டைக்காலந்தொட்டே குளம் தோண்டியும் அணை கட்டியும் நீரைப் போற்றி வந்தனர். அவ்வழியில் நிலைத்த புகழ் பெற்றவர் காலிங்கராயர்.

அவர் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஈரோட்டுக்கு அண்மையிலுள்ள வெள்ளோட்டுப் பகுதியில் பிறந்தவர் என்பர். கொங்கு நாட்டை ஆண்ட வீரபாண்டியனிடம் அவர் உயர்ந்த பதவி வகித்தார். காலிங்கராயர் என்பது அவருக்கு அமைந்த பட்டப்பெயராகும்.

அக்காலத்தில் பவானியாறு நீர் நிறைந்து ஓடிக் காவிரியிற் கலந்தது. ஆயினும் ஆறு பள்ளத்திலும் நிலம் மேட்டிலும் இருந்தமையால், அண்மையிலிருந்த வயல்கள் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தன. இக்குறையைப் போக்கக் காலிங்கராயர் உறுதி பூண்டார். பவானி காவிரியோடு கூடும் இடத்திற்குச் சற்று மேலே கல்லணை ஒன்று எழுப்பி நீர்மட்டத்தை உயர்த்தினார்; அங்கிருந்து கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். இப்பணி 1271 முதல் 1283 வரை நடைபெற்றது என்பது வழிவழியாக வரும் செய்தி.

அக்கால்வாய் நேராகச் செல்வதன்று. நிலத்தின் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து செல்வது. பாம்பொன்று முன்னே ஊர்ந்து வழி காட்டியதென மக்கள் கதை கூறுவர். வளைந்து செல்வதால் நீரின் வேகம் தணிகின்றது. மிகுதியான வயல்களும் பாசனம் பெறுகின்றன. ஈரோட்டையும் கொடுமுடிப் பகுதியையும் கடந்து, சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, அது நொய்யலாற்றை அடைகின்றது. இவ்வாறு மேட்டு நிலங்கள் நன்செய்யாயின.

தம் உறவினரின் நிலம் செழிக்கவே அவர் கால்வாய் வெட்டினார் எனச் சிலர் ஐயுற்றனராம். அவர் அவர்களோடு வாதாடவில்லை. தாமும் தம் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை எனச் சூளுரைத்துப் பிறந்த மண்ணைத் துறந்தார். பொள்ளாச்சியை அடுத்த ஊற்றுக்குழியில் குடியேறினார் என்று மரபு கூறும். தாம் வெட்டிய வாய்க்காலின் நீரைத் தாமே பருகாத பெருந்தகை அவர்.

எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கால்வாய் இன்றும் ஓடுகின்றது. பவானிசாகர் அணையிலிருந்து விடப்படும் நீரைக்கொண்டு சுமார் 15,000 ஏக்கரில் நெல்லும் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளைகின்றன. ஆனால், ஈரோட்டுப் பகுதியின் சாய ஆலை, தோல் ஆலைக் கழிவுகள் அந்நீரை மாசுபடுத்தி, உழவரைப் பெரிதும் வருத்தியதுண்டு. கழிவு கலவாதிருக்கக் கால்வாயின் ஓரமாகத் தனி வாய்க்கால் ஒன்று அமைக்க வேண்டியதாயிற்று. நீர்நிலையைத் தோண்டுவோர் ஒருவராயினும், அதனைக் காக்கும் கடமை அனைவர்க்கும் உரியது என்பதற்கு இதுவே சான்று.

தை மாதம் 5-ஆம் நாளை உழவர்கள் காலிங்கராயர் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று கால்வாயில் மலர் தூவி வணங்குதல் நன்று. ஆண்டு முழுவதும் கரையைப் பேணுவதும், குப்பையும் கழிவும் சேராது காப்பதும் அதனினும் நன்று. அதுவே தமக்கென வாழாத அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.