நாவலர் பெருமான் தந்த முதற் பாடம்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களை நாம் ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே நினைந்து குருபூசை செய்கின்றோம். அவர் நம் சிறுவர்க்குச் செய்த பணியையும் அறிந்து போற்றுதல் நமது கடமையாம்.

நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மைந்தராக 1822 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் திகதி ஆறுமுகனார் தோன்றினார். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியருமாகி, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்குதற்குத் துணை புரிந்தார். பள்ளிக்கூடம், அச்சுப் புத்தகம், பிரசங்கம் என்னும் மூன்றினாலும் பாதிரிமார் பெற்ற வெற்றியை அங்கே நேரிற் கண்டார். அம்மூன்றையும் சைவத்துக்கும் தமிழுக்கும் ஆக்கத் துணிந்தார்.

1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிலே திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் அளித்தது. அச்சியந்திரமும் நிறுவிப் பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் வெளியிட்டார். புலவர்க்கே உரியதாயிருந்த பெரிய புராணம் 1852 இல் அவரால் எளிய வசனநூலாயிற்று. நாயன்மார் சரித்திரம் எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லார் அனைவர்க்கும் எட்டியது.

ஏட்டுக் கல்வியோடு அவர் நின்றாரல்லர். 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித் தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். அரசாங்க அதிபரின் நிருவாகக் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தார். அக்காலத்துச் சட்டநிரூபண சபையிலே தமிழர்க்கிருந்த ஓர் ஆசனமும் தேசாதிபதியின் நியமனத்தாலேயே நிரம்புவது. 1879 இல் அது வெற்றிடமானபோது, பொன்னம்பலம் இராமநாதனே தக்கார் எனச் சனங்களைத் திரட்டி ஆதரவு தேடினார். இராமநாதனும் நியமனம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 5 ஆந் திகதி, 57 வயது நிறைதற்குப் பதின்மூன்று நாள் இருக்கையில், நாவலர் சிவபதம் எய்தினார்.

அவர் காலத்துச் சாதி வேற்றுமையை அவர் கடந்தாரல்லர். அதனை மறைத்தல் நமக்கு அழகன்று. அவர் திறந்த கல்விக் கதவை எல்லாப் பிள்ளைகட்கும் அகலத் திறந்து வைத்தல் நமக்கு விட்ட வேலை.

சரித்திரமும் புராணமும் அரசியலும் பரீட்சைக்கு மனனஞ் செய்து மறக்குந் துண்டுகளாதல் தகாது. முன்னோர் யார், அறம் யாது, நம்மை ஆள்வோரை நாம் கேட்கத் தக்கது யாது என்னும் மூன்றையும் சிறுவர்க்கு அவர்தம் மொழியில் உணர்த்துவதே நாவலர் தந்த முதற் பாடம். இளைஞர்காள், வாரத்தில் ஒரு நாளேனும் அயற் பிள்ளைகளை அழைத்திருத்தி அப்பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். பெரியோர்களே, அதற்குத் துணை நில்லுங்கள்.