நரம்புன்னு நினைச்ச வலி
'யுலிசஸ்' நாவலை நீங்க படிச்சிருக்காட்டியும் ஜேம்ஸ் ஜாய்ஸ் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1882-ல் டப்ளினில் பிறந்தவர். 1922-ல் பாரிஸில் அந்த நாவல் வெளிவந்தது. கண்ணில் எத்தனையோ ஆபரேஷன். அதையெல்லாம் தாங்கிக்கிட்டுதான் எழுதினார்.

ஆனா அவர் உயிரை எடுத்தது வயிறு. பல வருஷமா வலி. எல்லாம் நரம்புக் கோளாறுன்னு பாரிஸில் டாக்டர் சொல்ல, அவரும் நம்பிட்டார். உண்மையில் இருந்தது சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புண். போருக்குத் தப்பி 1940 டிசம்பரில் ஜூரிச் போனார். 1941 ஜனவரி 10 ராத்திரி வலி தாங்க முடியல. புண் குடலையே ஓட்டை போட்டிருந்தது. மறுநாள் ஆபரேஷன் செய்து, ரத்தமும் ஏற்றினார்கள். 13-ம் தேதி விடியறதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தார். வயசு 58.

இன்று எண்டோஸ்கோப்பியில் புண்ணை நேராகவே பார்க்கலாம். ரத்தம் கசிந்தால் அதே குழாய் வழியா கிளிப் போட்டு நிறுத்தலாம். பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்கிற கிருமி, இல்லன்னா அடிக்கடி போடும் வலி மாத்திரை. கிருமியை ஆன்டிபயாடிக்கால் ஒழிக்கலாம்.

அதனால ஹாஸ்டல் மெஸ் மேலயே பழியைப் போட்டுட்டு இருக்காதீங்க. மலம் தார் மாதிரி கறுப்பா போனா, செமஸ்டர் முடியட்டும்னு தள்ளிப்போடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஜாய்ஸுக்குக் கிடைக்காத வசதி நமக்கு இருக்கு.