மலையகத்தின் கலகக் குரல் மீனாட்சி அம்மாள்

தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை நமது பள்ளி மாணவர்கள் அறிவர். அத்தேயிலையைக் கொய்தோரின் துயரத்தை மேடையேறிப் பாடிய மீனாட்சி அம்மாளின் பெயரைக் கேட்டாலோ பெரியவர்களே தயங்குகின்றனர்.

கலகப் பாடல் என்றவுடன் மின்கிட்டாரும் நீண்ட தலைமுடியும் கொண்ட மேலைநாட்டு ராக் இசைக் குழுக்களே இன்றைய இளைஞருக்கு நினைவில் எழுகின்றன. அவர்களுக்குப் பல்லாண்டுகள் முன்பே மலையகத்தில் இருவர் கொண்ட ஒரு குழு இருந்தது எனலாம். கணவர் பேசினார், மனைவி பாடினார். கணவர், தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை அறிந்தவர் என்று அவரைப் பற்றிக் கூறப்படுகிறது. அந்நியர் தோட்டத்துள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாய்ந்த காலம் அது. துணி மூட்டை சுமந்தவருக்கு மட்டும் லயத்தின் வாசல் திறந்திருந்தது.

1924இல் நடேசய்யர் தொடங்கிய ‘தேசபக்தன்’ இதழின் ஆசிரியப் பணியில் மீனாட்சி அம்மாளும் பங்கேற்றார். பெண்கள் பொது விடயங்களில் தலையிடுவதே தவறெனக் கருதப்பட்ட நாட்களில் அவர் பெண்ணுரிமை குறித்து எழுதினார். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் உருவானது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டித் துரைமார் சம்பளத்தைக் குறைத்த காலம் அது. கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் பாரதியாரின் பாடல்களைப் பாடினார். தாமே பாடல்கள் கட்டியும் பாடினார்.

அப்பாடல்களின் வலிமை எங்கிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டத்திற்கு வந்தோரிற் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பத்திரிகையைத் தோட்டத்துக்குள் கொண்டு செல்வது ஆபத்து. துண்டுப் பிரசுரம் கங்காணியின் கையில் அகப்பட்டால் வேலை போகும். பாட்டுக்கு அந்த அச்சமில்லை. கேட்டவர் மனதில் ஏற்றிக்கொண்டு மலையேறினால், மறுநாள் கொழுந்து மலையில் நிரை பிடிக்கும் பெண்கள் வாயில் அது ஒலிக்கும். மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளையே அவர் எடுத்துக்கொண்டதும் இதனால்தான். இலக்கண நயம் தேடுவோர் அவற்றில் குறை காணக்கூடும். புலவர் சபைக்காக அவை எழுதப்பட்டவையல்ல.

1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டனர். அவ்வாண்டு நேருவின் வருகையையொட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் மீனாட்சி அம்மாளின் பாடல் நூல் வெளிவந்ததும் அந்த 1940இலேயே. உழைத்து வளப்படுத்திய நாட்டில் அந்நியராக்கப்படுவோம் என்ற அச்சம் அந்நூலின் உயிர்நாடி.

அவ்வச்சம் மெய்யாயிற்று. நடேசய்யர் 1947 நவம்பரில் காலமானார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழர் மட்டுமன்றி, நகரங்களில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதனால் தவித்தனர். 1949இல் வந்த சட்டத்துக்கு இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் என்றே பெயர். எஞ்சிய நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வாக மற்றொரு சட்டம் வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நடேசய்யரின் வாழ்வைச் சாரல்நாடன் 1988இல் நூலாக்கினார். தோட்டத்து நாட்டார் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தார். இவர்களுக்கு மலையகம் கடமைப்பட்டுள்ளது. எனினும் தொழிற்சங்க வரலாறு எழுதுவோர் மீனாட்சி அம்மாளைக் கணவரின் துணைவியாராக ஓரிரு வரிகளில் கடந்து செல்வதை நாம் ஏற்க இயலாது. கூட்டத்தைச் சேர்த்ததும் நிறுத்தி வைத்ததும் பல வேளைகளில் அவரது குரலே. தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்டைத் தோட்டங்களில் எண்பதைக் கடந்த மூதாட்டியர் இன்னும் உள்ளனர். தாயிடமும் பாட்டியிடமும் கேட்ட மெட்டுகள் அவர்கள் நினைவில் எஞ்சியிருக்கக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையிலிருந்து அத்தோட்டங்கள் வெகு தொலைவில் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியுடன் மாணவர்கள் இவ்விடுமுறையிலேயே புறப்படலாம்.