கடன் தீர்த்த கடைக்காரர்

ஆபிரகாம் லிங்கன் என்றதும், அடிமைத்தளையை அறுத்த அமெரிக்கக் குடியரசுத் தலைவரே நம் நினைவில் தோன்றுவார். அப்பெருமகனார் இளமையில் பலசரக்குக் கடை வைத்து நொடித்துப் போனவர் என்பதையும், எட்டாண்டுகள் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் பணியாற்றியவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர்தம் பெருமைக்கு அக்கடையிலேயே அடித்தளம் இடப்பட்டது எனலாம்.

1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் கெண்டகி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் லிங்கன் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாட்கள் அனைத்தையும் கூட்டினும் ஓராண்டளவே ஆகும். 1831-இல், உற்றார் துணையின்றி, இல்லினாய் மாநிலத்தில் நியூ சேலம் என்னும் சிற்றூருக்குப் பிழைப்பு நாடி வந்து, ஒரு கடையில் பணியாளராக அமர்ந்தார். அக்கடையும் ஓராண்டுக்குள் நொடித்தது.

1832-இல் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். போட்டியிட்ட 13 பேருள் எட்டாமவராக வந்து தோற்றார். ஆயினும் அவ்வூர்ச் சாவடியில் வாக்களித்த 300 பேருள் 277 பேர் அவரை ஆதரித்தனர். புதிதாக வந்த ஏழை இளைஞர் ஓராண்டில் ஈட்டிய செல்வம் அந்த நம்பிக்கை ஒன்றே.

பின்னர் வில்லியம் பெரி என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கடை வைத்தார். கையில் முதல் இல்லை. பெரும்பாலும் புரோநோட்டு எழுதிக் கொடுத்தே சரக்கு வாங்கினர். பெரி மதுவில் மூழ்கினார் என்றும், லிங்கன் நூல்களில் மூழ்கினார் என்றும் கூறுவர். கடை மூழ்கியது. 1835-இல் பெரி இறந்தார். ஏறக்குறைய 1,100 டாலர் கடன் லிங்கன் தலைமேல் விழுந்தது.

கடன்பட்ட வணிகர் இரவோடிரவாக ஊரைவிட்டு அகல்வது அந்நாளில் அரிதன்று. லிங்கன் அகலவில்லை. ஊர்த் தபால் நிலையத்தைக் கவனித்தார், நிலம் அளந்தார். ஒரு கடன்காரர் வழக்குத் தொடுத்ததால் அவருடைய குதிரையும் அளவைக் கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. அயலார் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பித் தந்தார். சொல் தவறாதவர்க்கு ஊரே துணை நிற்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1834-இல் மீண்டும் நின்று வென்றார். அவைக்குச் செல்ல நல்லாடை இல்லாமையால், அதையும் கடன் வாங்கியே தைத்துக் கொண்டார். 1836, 1838, 1840 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரையே தேர்ந்தனர். இடையில் தாமே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஆறடி உயரத்தினரான ஒன்பது உறுப்பினர்கள் ஒன்றுபட்டு உழைத்து, 1837-இல் மாநிலத் தலைநகரை வாண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்றினர். அவர்களுள் லிங்கனே முதல்வர்.

அவர் தவறே செய்யாதவர் அல்லர். தம் கடனை நாட்டுக் கடன் என்று வேடிக்கையாகக் கூறியவர், அதே ஆண்டில் 1 கோடி டாலருக்கு மேற்பட்ட இருப்புப்பாதை, கால்வாய்த் திட்டத்தை ஆதரித்தார். நாடெங்கும் பொருளாதார நெருக்கடி மூண்டது. பணிகள் பாதியில் நின்றன. மாநிலம் கடனில் ஆழ்ந்தது.

எனினும் அவ்வாண்டின் மற்றொரு செயல் அவரை என்றும் உயர்த்தி நிற்கிறது. அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து வந்த தீர்மானத்தை 77 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் ஆறு பேரே. அவ்வறுவருள் லிங்கன் ஒருவர். அச்சங்கங்களின் போக்கை அவரும் ஏற்றவர் அல்லர். ஆயினும் அடிமைமுறை அநீதியில் பிறந்தது என்பதை, டான் ஸ்டோன் என்னும் உறுப்பினருடன் சேர்ந்து, மார்ச் 3-ஆம் நாள் அவைக் குறிப்பில் எழுத்தாலேயே பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 28. அன்று வித்திட்டது 1863-இல் விடுதலைப் பிரகடனமாய் விளைந்தது. 1865 ஏப்ரல் 15-ஆம் நாள், முந்தின இரவு சுடப்பட்ட குண்டுக்கு இரையாகி அவர் மறைந்தார்.

கடைக் கடனோ, பல ஆண்டு உழைப்பால் முழுவதும் தீர்க்கப்பட்டது. பிழைப்பு நாடி வேற்றூர் வந்து வாழும் நம் குடும்பங்களின் இளைஞர்கள், வெள்ளை மாளிகை லிங்கனோடு நியூ சேலம் லிங்கனையும் அறிதல் நன்று. செல்வம் போயினும் சொல் போகாதவனை அயலூரும் தன் மகனாக ஏற்கும்.