முதல் கருத்தடை மாத்திரையும் காதில் விழாத புகார்களும்: யார் இந்த கிரிகரி பின்கஸ்?

மட்டாஞ்சேரியில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் காக்கநாடு ஐ.டி. பார்க்குக்குப் போய் வருபவரா நீங்கள்? அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் 'மாலா-என்' அட்டை கையில் கிடைத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஈஸ்ட்ரோஜன் அளவு 0.03 மி.கி. என்று இருக்கும். 1960-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் மாத்திரையான 'எனோவிட்'டில் அது 0.15 மி.கி. (இரண்டும் ஒரே ரசாயனம் இல்லை, ஒரே குடும்பம்.)

அந்த முதல் மாத்திரைக்குப் பின்னால் இருந்தவர் கிரிகரி பின்கஸ். 1903-ல் நியூ ஜெர்சியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டில் முயலின் கருமுட்டையைச் சோதனைக் குழாயில் கருவுறச் செய்தார். பத்திரிகைகள் அவரை வில்லனாக்கின. ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1944-ல் சக விஞ்ஞானி ஒருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்.

கருத்தடை மாத்திரை வேண்டும் என்று அவரைத் தேடி வந்தவர் மார்கரெட் சாங்கர். 1935-ல் இந்தியா வந்து காந்தியோடு வாதிட்டு, திருவனந்தபுரம் பெண்கள் மாநாட்டுக்கும் போனாரே, அவரேதான். பணம் கொடுத்தது கேத்தரின் மெக்கார்மிக் என்ற பணக்காரப் பெண்மணி.

1956-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதனை தொடங்கியது. இது இன்னும் பரிசோதனையில் இருக்கும் மருந்து என்பதே அவர்களிடம் சரியாகச் சொல்லப்படவில்லை. சோதனையைக் கவனித்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே தந்த அறிக்கையில், கருத்தடைக்கு மாத்திரை அருமையாக வேலை செய்கிறது, ஆனால் 17% பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி என்று இருந்தது. பொதுப் பயன்பாட்டுக்கு இது ஒத்துவராது என்பது அவர் முடிவு. பின்கஸ் ஏற்கவில்லை. வெறும் மாத்திரை கொடுத்தாலும் சிலர் இதையே சொல்கிறார்கள், எல்லாம் மனப்பிரமை என்றார். அவர் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் அதைக் காரணம் காட்டி எல்லாப் புகாரையும் ஒதுக்கியது, என் பார்வையில், பெரிய தப்பு.

ஏன்னா அடுத்து வந்தது ரத்தக்கட்டி. 1961-ல் பிரிட்டனில் முதல் கேஸ் பதிவானது. 1968-ல் ஆய்வுகள் தொடர்பை உறுதி செய்தன. இன்றைய கணக்கைப் பார்க்கலாம். மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வரும். எடுப்பவர்களில் 3 முதல் 9. கர்ப்பிணிகளில் 5 முதல் 20. பயந்து பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் 35 வயதைத் தாண்டி சிகரெட் பிடிப்பவர், கண்ணில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர், பி.பி. அதிகம் உள்ளவர் என்றால் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்காதீங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

1970-ல் அமெரிக்க செனட் இதை விசாரித்தது. மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட சாட்சிக்குக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையிலிருந்து இளம்பெண்கள் எழுந்து கத்திக் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மாத்திரைப் பெட்டிக்குள் பக்கவிளைவு எச்சரிக்கைத் தாள் வந்தது. பின்கஸ் அதைப் பார்க்கவில்லை. 1967 ஆகஸ்டில், 64 வயதில், ரத்தம் சம்பந்தப்பட்ட நோயால் இறந்துவிட்டார்.